நார்க்கழிவுக் குவியல் 25 நாளாகியும் மக்கவில்லை. கரைசல் ஊற்றியும் சூடே ஏறல, எங்கே தப்பு?

தோப்புக்காரன் (கேள்வி)

வணக்கம்ங்க. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு, 140 மரம். பக்கத்து நார் மில்லிலிருந்து ஒரு டன் நார்க்கழிவு (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) இறக்கி, வேஸ்ட் டீகம்போசர் கரைசல் விட்டு மக்க வைக்கப் பார்த்தேன். விவரம் இது:

கழிவு ஈரமாகத்தான் வந்தது. மர நிழலில் 5 அடி உயரத்துக்கு ஒரே குவியலாகக் கொட்டியிருக்கு. 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லம், ஒரு பாட்டில் தாய்க்கரைசல், ஏழு நாள் கலக்கி எடுத்தது. அது முழுவதையும் மேலே ஊற்றியாச்சு. வேறெதுவும் சேர்க்கலை. வாரம் ஒரு தடவை ஹோஸ் பைப்பில் தண்ணீர். கைவிட்டுப் பார்த்தால் சூடே இல்லை. நிறம் வந்த அன்னைக்கு இருந்த அதே செம்பழுப்பு. அடியில் அள்ளினால் சாக்கடை நாற்றம்.

இன்னொரு பாட்டில் வாங்கி ஊற்றணுமா, இல்லை ஈ.எம். (எஃபெக்டிவ் மைக்ரோஆர்கனிசம்ஸ் என்ற நுண்ணுயிர்க் கலவை) கரைசலுக்கு மாறணுமா? இன்னொன்று: ட்ரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் பூஞ்சை), சூடோமோனாஸ் (நோயை அடக்கும் பாக்டீரியா), அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா (தழைச்சத்து, மணிச்சத்துக்கான உயிர் உரங்கள்) எல்லாமே பாக்கெட்டாக இருக்கு. ஜீவாமிர்த (சாணம், கோமியம், வெல்லம் ஊறவைத்த கரைசல்) டிரம்மிலேயே மொத்தமாகப் போட்டுச் சொட்டுநீரில் விட்டுடலாமா? நாலஞ்சு மரத்தில் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடியுது, அதுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

—

குப்பைமேடு

இன்னொரு பாட்டில் வேண்டாம். உங்கள் குவியலில் நுண்ணுயிருக்குப் பஞ்சமில்லை, அது தின்கிற சோற்றில்தான் பஞ்சம்.

தென்னை நார்க்கழிவில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் ஏறக்குறைய 112:1. நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை பார்க்க 25 முதல் 30:1 வேண்டும். கார்பன் மலைபோல் இருக்கிறது, ஆனால் உடம்பு கட்ட நைட்ரஜன் இல்லை. அதனால் பெருக முடியாமல் அப்படியே நிற்கிறது. நீங்கள் ஊற்றியதில் இருந்த 2 கிலோ வெல்லமும் கார்பன்தான். அதில் நைட்ரஜன் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

அடுத்தது லிக்னின், செடிக்கு விறைப்பு தரும் கடினமான மரப்பொருள். நார்க்கழிவில் சுமார் 30 சதவீதம் லிக்னின். இலைதழை, காய்கறிக் கழிவு, வைக்கோல் மசிவதுபோல் இது பாக்டீரியாவுக்கு மசியாது. லிக்னினை ஒழுங்காக உடைப்பவை வெண்ணழுகல் பூஞ்சைகள். நமக்குக் கைக்கெட்டும் வெண்ணழுகல் பூஞ்சை சிப்பிக்காளான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவுக்குச் சிப்பிக்காளான் வித்தையும் (தானியத்தில் வளர்த்த காளான் விதை) யூரியாவையும் சேர்த்துப் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம்.

அவர்கள் சொல்லும் அளவு: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி வித்து (மொத்தம் ஒன்றரைக் கிலோ அளவுக்கு). நிழலில் 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடம். முதலில் 100 கிலோ பரப்பி ஒரு புட்டி வித்தை உதிர்த்துத் தூவணும். அதன்மேல் 100 கிலோ, அதில் ஒரு கிலோ யூரியா. மறுபடி 100 கிலோ, வித்து. இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு, உயரம் ஒரு மீட்டர். வித்தும் யூரியாவும் ஒரே அடுக்கில் வராதது இதில் ஒரு வசதி. யூரியா கரையும் இடத்தில் அம்மோனியா கிளம்பும். பூஞ்சை இழைக்கு அது ஆகாது. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் விகிதம் 24:1-க்கு இறங்குகிறது, லிக்னின் 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது, குவியலும் நன்றாக அமுங்குகிறது. பரிந்துரையில் 30 நாள் என்று இருக்கும். நடைமுறையில் 45, 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறி இறங்கினால் அதுவும் தள்ளிப்போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஒரு டன்னில் நைட்ரஜன் 2.6 கிலோ, 5 கிலோ யூரியாவில் 2.3 கிலோ, கூட்டினால் 4.9. கார்பன் 290 கிலோ. விகிதம் 59-தானே வருகிறது, 24 எங்கே? மிச்சத்தைப் பூஞ்சை பார்த்துக்கொள்கிறது. கார்பனைத் தின்று கரியமிலவாயுவாக வெளியே விடுகிறது, நைட்ரஜன் உள்ளேயே தங்குகிறது. 59-லிருந்து விகிதம் கீழே இறங்குவது அப்படித்தான். ஆகவே, 30-க்குக் கொண்டுவருகிறேன் என்று ஆரம்பத்திலேயே யூரியாவை அள்ளிக் கொட்டினால் அம்மோனியா நெடிதான் மிஞ்சும்.

இப்போது நாற்றம். நார்க்கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மேல்பக்கம் உலர்ந்த மாதிரித் தெரியும், அடியில் சேறு. 5 அடிக் குவியலில் அந்த எடையே கீழ் அடுக்கை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். தேவையான ஈரம், உலர் எடைக்கு இரண்டு மடங்கு தண்ணீர். கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரணும். ஒழுகினால் அதிகம். விரல் நனையாவிட்டால் குறைவு.

செய்ய வேண்டியது: குவியலைப் பிரித்து அரை அடிக் கனத்தில் இரண்டு மூன்று நாள் பரப்பி வையுங்கள். நாற்றம் போய்விடும். அதற்குள் மில்லிலிருந்து புதுக்கழிவு ஒரு கிலோ எடுத்து, வெயிலில் சருகாகக் காயவைத்து எடை போடுங்கள். ஈரக் கழிவில் ‘ஒரு டன்’ என்பது பாதி தண்ணீராகக்கூட இருக்கும். யூரியா, வித்து எல்லாவற்றையும் உலர் எடைக்குத்தான் கணக்குப் போடணும். பிறகு அடுக்குங்கள், ஒரு மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

சூடு ஏறலையே என்ற கவலையை மட்டும் விட்டுவிடுங்கள். மாட்டுச்சாணம், பச்சைத்தழைக் குவியலில் 55, 60 டிகிரி வந்தால் நல்ல அறிகுறி. களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். சிப்பிக்காளானுக்கு ஏற்றது 25 முதல் 30 டிகிரி. 40-ஐத் தாண்டி நின்றால் வித்து செத்துவிடும். நார்க்கழிவில் களை விதையும் பெரிதாக இருக்காது. இங்கே குளிர்ச்சியாக இருப்பதே சரி.

—

தோப்புக்காரன்

ரொம்ப நன்றிங்க. புதுக்கழிவு ஒரு கிலோ காயவைத்ததில் 380 கிராம் நின்னது. தோப்பு அங்ககச் சான்று வாங்கும் மாறுகாலத்தில் இருக்கு, யூரியா தொட முடியாது. அதுக்கு என்ன வழி? காளான் வித்து வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

—

குப்பைமேடு

அப்படியானால் உங்களிடம் இருப்பது 380 கிலோ உலர் கழிவும் 620 லிட்டர் தண்ணீரும். வேண்டியது 760 லிட்டர். நீங்கள் ஊற்றிய 200 லிட்டர் கரைசலிலேயே அளவு தாண்டிவிட்டது. அதற்குமேல் வாரந்தோறும் விட்டதெல்லாம் அடியில் சாக்கடையானது.

நைட்ரஜன் கணக்கு: யூரியா என்றால் 1.9 கிலோ, அதாவது 870 கிராம் நைட்ரஜன். அதற்கு ஈடாக இந்த மூன்றில் ஒன்று.

பச்சைக் கிளரிசிடியா தழை, 125 கிலோ. வேலியில் இருந்தால் இதுதான் முதல் தேர்வு. விரல் நீளத்துக்கு நறுக்கி அடுக்குக்கு இடையே பரப்புங்கள். தடித்த குச்சி வேண்டாம். தழை இருப்பதால் காற்றும் புகும், நார்க்கழிவு மட்டும் இருக்கும்போது வரும் அமுக்கம் குறையும்.

கோழி எரு, 75 கிலோ. ஒரு டன்னுக்கு 200 கிலோ என்ற கணக்கு. ஆனால் கூண்டுப் பண்ணை எருவுக்குச் சான்று நிறுவனம் ஒப்புக்கொள்ளுமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோழி எரு சூடு கிளப்பும். கலந்து, பத்துப் பதினைந்து நாள் விட்டு, இரண்டு தடவை புரட்டி, உள்ளே 35 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே வித்து.

புதுச்சாணம் என்றால் 290 கிலோ ஆகும். நம்மவர்கள் இரண்டு கூடை சாணம் கரைத்துத் தெளித்துவிட்டு ‘சாணி போட்டாச்சு’ என்று சொல்வது இங்கே எடுபடாது. அது நுண்ணுயிர் சேர்ப்பதுதான், நைட்ரஜன் சேர்ப்பது ஆகாது.

வித்து இரண்டு புட்டி போதும். புட்டி முழுக்க வெள்ளை இழை பரவியிருக்கணும். பச்சைத் திட்டு, கறுப்புத் திட்டு, அடியில் மஞ்சள் நீர் இருந்தால் வாங்காதீர்கள். வாங்கிய வாரத்திலேயே போட்டுவிடுங்கள். காரின் பின்பக்கத்தில் மதிய வெயிலில் வைத்தால் அதோடு கதை முடிந்தது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: மக்கும் கட்டத்தில் ட்ரைக்கோடெர்மா போடாதீர்கள். காளான் வளர்ப்பவர்கள் ‘பச்சைப் பூசணம்’ என்று தலையில் கைவைத்துக்கொள்வதே இந்த ட்ரைக்கோடெர்மாதான். சிப்பிக்காளான் இழையை அது தின்றுவிடும்.

—

தயிர்ப்பானை

ஈ.எம். பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1980-களில் ஜப்பானின் ஒகினாவாவில், ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் தெருவோ ஹிகா உருவாக்கிய கலவை அது. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூன்றும் முக்கியம். எளிதாகச் சொன்னால் நம் புளிச்ச மாவு, தயிர் வகையறா. அதன் பலம் அமிலம். ஈரக்கழிவை அழுகவிடாமல் புளிக்க வைக்கும், நாற்றத்தை அடக்கும், ஈ முட்டையிடுவதைக் குறைக்கும். சமையலறைக் கழிவு, மீன் கழிவு, தொழுவத் தரை, இதற்கெல்லாம் அருமை. லிக்னினை உடைக்கும் வேலைக்கு இது ஆள் இல்லை. உங்கள் குவியலில் தெளித்தால் சாக்கடை நாற்றம் குறையும். நார் நாராகவே இருக்கும்.

வீட்டுக் கழிவுக்குச் செய்வதானால் முறை இது. தாய்க்கரைசல் 1 லிட்டர், வெல்லம் 1 கிலோ, தண்ணீர் 20 லிட்டர். வெல்லத்தை வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, அப்புறம் தாய்க்கரைசல். பிளாஸ்டிக் கேன்தான். இரும்பு டிரம்மை அமிலம் அரிக்கும். மேலே ஒரு சாண் காலியிடம் விட்டு இறுக மூடி, தினம் ஒருமுறை மூடியை லேசாகத் திருகி வாயுவை மட்டும் வெளியே விடணும். மறந்தால் கேன் உப்பி வெடிக்கும். ஏழு முதல் பத்து நாளில் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை வரும். பி.ஹெச். (அமிலத்தன்மை காட்டும்) தாள் வைத்துப் பாருங்கள், 4-க்குக் கீழே இருக்கணும். மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் பயமில்லை, அது ஈஸ்ட். கறுப்போ பச்சையோ படர்ந்தால், அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். எடுத்த கரைசலை 30 நாளுக்குள் தீர்க்கணும். அதிலிருந்தே திரும்பத் திரும்பப் பெருக்கினால் மூவரின் விகிதமும் மாறிப்போய் ஈஸ்ட் மட்டும் மிஞ்சும்.

அதிகம் பேர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, குழாய்த் தண்ணீர். பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்குப் பிடித்த தண்ணீரில் நுண்ணுயிரைக் கரைத்தால் யாரைச் சாகடிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அகலமான பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும். இரண்டு, காற்று. ஈ.எம். மூடி வைப்பது, வேஸ்ட் டீகம்போசரும் ஜீவாமிர்தமும் தினம் இரண்டு வேளை குச்சியால் கலக்குவது. ஒன்றின் முறையை இன்னொன்றில் செய்பவர்கள் நிறைய.

வேஸ்ட் டீகம்போசரையும் குறை சொல்வதற்கில்லை. காசியாபாத் தேசிய அங்கக வேளாண்மை மையம் 2015-ல் கொடுத்தது. ஒரு டன் கழிவுக்கு 200 லிட்டர் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஆனால் மொத்தத்தையும் உச்சியில் ஊற்றக்கூடாது. ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் 20 லிட்டராகத் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டணும். சருகு, கரும்புச் சோகை, சாணம் கலந்த குப்பையில் நன்றாக ஓடும்.

—

வேர்முடிச்சு

பாக்கெட்டுகளை ஜீவாமிர்த டிரம்மில் கொட்டாதீங்க.

ஜீவாமிர்தம் 200 லிட்டரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். அந்த டிரம்மில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கூட்டம். வெல்லத்தைக் கண்டதும் வேகமாகப் பெருகுகிறவனே ஜெயிப்பான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடோமோனாஸும் அசோஸ்பைரில்லமும் அந்தச் சந்தைக்கூட்டத்தில் காணாமல் போயிடும். டிரம் புளித்தால் சூடோமோனாஸ் முதல் ஆளாகச் சாகும். பேசில்லஸ் பாக்டீரியா மாதிரி வித்துறை கட்டி உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதுக்குத் தெரியாது. டால்க் பவுடரும் சாண நாரும் சேர்ந்து சொட்டுவானை அடைக்கும், அது தனித் தலைவலி.

சரியான வழி, மக்கின எருவில் ஏற்றிப் போடுவது. ஏக்கருக்கு ஒரு கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடி (ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்பது பரிந்துரை), 50 கிலோ நன்றாக மக்கின தொழு உரம் அல்லது உங்கள் நார்க்கழிவு மட்கு. புட்டு மாவுப் பதத்துக்கு ஈரம் தெளித்து நிழலில் ஓரடி உயரத்துக்குக் குவித்து, ஈரச் சாக்கு போட்டு மூடணும். மூணு நாளைக்கு ஒருமுறை கிளறுங்க. ஏழு முதல் பத்து நாளில் மேலே வெள்ளை படர்ந்து பச்சையாகத் திரும்பும். அப்போ போடலாம். பச்சை எருவிலோ சூடு அடங்காத குப்பையிலோ இதைச் செய்தால் பூஞ்சை வெந்துபோகும். பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினாலும் அதே கதிதான்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ரெண்டையும் இன்னொரு குவியலில் சேர்த்துக் கலக்கலாம், சூடோமோனாஸையும் அதோடு போடலாம். இது பெருக்க வேண்டியதில்லை, கலந்த அன்றே சாயங்காலம் வேர்ப்பகுதியில் ஈரமண்ணில் இட்டு மூடிடணும். உச்சிவெயிலில் காய்ந்த பாத்தியில் தூவினால் காசைத் தூவின மாதிரி.

பாக்கெட் வாங்கும்போது காலாவதி தேதி மட்டும் பார்க்காதீங்க, எண்ணிக்கையும் பாருங்க. ட்ரைக்கோடெர்மா டால்க் பவுடரில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம். உயிர் உரம் தூள் வடிவில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி, இது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி. எண்ணே அச்சடிக்காத பாக்கெட்டைக் கடையிலேயே விட்டுட்டு வாங்க. யூரியா மூட்டை மேலே, தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிற கடையிலும் வாங்காதீங்க, தேதி சரியாக இருந்தாலும் உள்ளே உயிர் இருக்காது.

அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிகிற மரம் தஞ்சாவூர் வாடல் நோயாக, அதாவது அடித்தண்டழுகலாக இருக்கலாம், கானோடெர்மா பூஞ்சை. வேளாண் அலுவலரைக் கூட்டிக் காட்டி உறுதி பண்ணிக்கோங்க. உயரத்தில் வடிந்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம். இதுதான் என்றால், மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் ட்ரைக்கோடெர்மா, அதோடு சூடோமோனாஸும் சேர்த்துக் கலந்து வட்டப்பாத்தியில் போடணும். நோய் மரத்தின் பாத்தித் தண்ணீர் நல்ல மரத்துக்குப் பாயக்கூடாது, சுற்றிக் குழி எடுத்துத் தனிமைப்படுத்துங்க. உழும்போது வேரை அறுக்காதீங்க. போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) ஊற்றுகிறவர்கள் அதே வாரத்தில் ட்ரைக்கோடெர்மா இட்டால் பணம் விரயம், தாமிரம் அதையும் கொல்லும். 20 நாளாவது இடைவெளி விடுங்க. ஏற்கெனவே முற்றின மரத்தை இது மீட்காது, சுற்றியிருக்கிற மரத்தைக் காப்பாற்றத்தான் உதவும்.

—

குப்பைமேடு

வேர்முடிச்சு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘ட்ரைக்கோடெர்மா வேண்டாம்’ என்று நான் சொன்னதும், ‘மட்கில் ஏற்று’ என்று அவர் சொன்னதும் முரண் இல்லை. காளான் வேலை முடியும்வரை வேண்டாம், முடிந்த பிறகு தாராளமாக.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள: கறுப்பாகியிருக்கணும், கையில் அள்ளினால் இலேசாக, முதல் மழை பெய்த மண் மாதிரி வாசம். ஒரு பிடி ஈர மட்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் புளிப்போ அம்மோனியாவோ அடிக்கக்கூடாது. சந்தேகம் தீராவிட்டால், ஒரு பங்கு மட்கு, பத்துப் பங்கு தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் 20 கீரை விதையும் வெறும் தண்ணீரில் 20 விதையும் முளைக்கப் போடுங்கள். மட்குத் தண்ணீரில் முளைப்பு குறைந்தால், வேர்நுனி பழுப்பானால் இன்னும் இரண்டு வாரம். அரைவேக்காட்டில் போட்டால் மண்ணில் இருக்கும் நைட்ரஜனை நார்க்கழிவே உறிஞ்சிக்கொண்டு மரம் மஞ்சளடிக்கும். உரம் போட்ட பிறகு வெளுத்துப்போச்சு என்று வருகிற புகாரில் பலதும் இதுதான்.

—

தோப்புக்காரன்

கிளரிசிடியா வேலியிலேயே கிடக்கு, நாளைக்கே வெட்டிடறேன். இந்த ஒரு டன் 140 மரத்துக்கும் வருமாங்க?

—

குப்பைமேடு

வராதுங்க. 380 கிலோ உலர் கழிவு மக்கி முடியும்போது உலர்வாக 230, 250 கிலோதான் நிற்கும். ஈரத்தோடு எடை போட்டால் 500, 600 கிலோ. மரத்துக்கு 50 கிலோ என்றால் பத்துப் பன்னிரண்டு மரம். நீர் வடியும் மரங்களுக்கும் அவற்றைச் சுற்றி நிற்பவற்றுக்கும் முதலில் கொடுங்கள்.